இன்னும் ஒரு பக்கம்

நான்காம் வகுப்பில் ஸ்டெபிதான் குள்ளம். பாயில் வரிசையாக உட்கார்ந்தால் மற்றவர்களின் தோள்வரைதான் வருவாள். 'அ' எழுதச் சொன்னால் சிலேட்டைப் பார்ப்பாள். பிறகு டீச்சரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் பயம் கிடையாது. யாரோ வந்து எழுதித் தரப்போவதுபோல் காத்திருப்பாள்.

ஜெபசுதா அந்தக் கடற்கரைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தது ஜூன் மாதம். சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் வாடகைக்கு இருந்தாள். உப்பளங்களுக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போது உதட்டில் கரிக்கும். ஒன்றிலிருந்து நான்காம் வகுப்புவரை அவள் ஒருத்திதான். ஒரே அறை. நான்கு பாய்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் எதையெல்லாம் மறந்தார்கள் என்று கண்டுபிடிக்கச் சோதனை மேல் சோதனை வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். செல்போனில் அந்த எண்ணைத் தட்டினால் பிள்ளையின் நிலை தெரியும். எழுத்தில் தடுமாறினால் அரும்பு. சொல் வாசித்தால் மொட்டு. பத்தி வாசித்தால் மலர். ஸ்டெபி அரும்பிலும் கடைசி. அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு.

வட்டாரக் கூட்டத்தில் அந்தச் சிவப்பை முதலில் கவனித்தது டிக்சன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். மார்க்குகளைக் கோடு போட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். அதில் நன்மையும் உண்டு. தருவைகுளத்தில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதும் நாளில் மட்டும் மார்க் குறைவாக எடுக்கிறான் என்று கண்டுபிடித்து, அவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவைத்தவர் அவர்தான்.

“இந்தப் பிள்ளையப் பாருங்க டீச்சர்” என்று மடிக்கணினியைத் திருப்பினார். “ஒண்ணாப்புல பத்தி வாசிச்சிருக்கா. தண்ணி பட்ட பாடா வாசிச்சிருக்கா. இப்ப ஆனா தெரியல, ஆவன்னா தெரியல. கோடு எப்படி இறங்குது பாத்தியளா? நேரா கடலுக்குள்ள போகுது.”

“ரெண்டு வருஷம் ஸ்கூலே கிடையாதே சார். மறந்திருப்பா.”

“எல்லாரும்தான் மறந்திருக்காங்க. இந்த அளவுக்கு யாரும் மறக்கல. வாசிச்ச பிள்ளை உள்ளுக்குள்ள அப்படியே இருப்பா. தட்டி எழுப்புங்க.” மடிக்கணினியை மூடினார். “டிசம்பர்ல மறுசோதனை. அப்பவும் இப்படியே இருந்தா முகாமுக்கு அனுப்பியாகணும். டாக்டர் பாப்பாரு.”

முகாம் என்றால் என்னவென்று ஜெபசுதாவுக்குத் தெரியும். கூட்டமான ஒரு ஹால். வரிசை. பிள்ளை பேசுவதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அறிவு வளர்ச்சிக் குறைவு என்ற கட்டத்தில் ஒரு டிக். அது பிள்ளையின் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டெபியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஒண்ணாப்புல நீ நல்லா வாசிப்பியாமே. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு டீச்சர்.”

“எங்க உக்காந்திருப்ப?”

ஸ்டெபி ஜன்னலைக் காட்டினாள். “அங்கன. விஜிலா பக்கத்துல.”

விஜிலா அந்த வகுப்பின் உயரமான பெண். தன் பெயர் கேட்டுத் திரும்பினாள். மறுபடி தட்டைக் கழுவப் போனாள்.

“என்ன பாடம் வாசிச்ச?”

ஸ்டெபி யோசித்தாள். “அத அம்மா சொல்லல டீச்சர்.”

“அம்மா என்னளா சொல்லுவா?”

“எல்லாம் சொல்லுவா. எனக்கு முட்டையில மஞ்சக்கரு பிடிக்காது. தலைக்குக் குளிச்சா அழ மாட்டேன். ரெட்டைச் சடைதான் போடுவேன்.” பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, சரியா என்று கேட்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பாட்டில் வாங்கிய முட்டையின் மஞ்சள் கரு அவள் தட்டில் இல்லை. தின்றிருந்தாள். வாயோரத்தில் ஒட்டியிருந்தது.

அந்த வாரம் டிக்சன் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினார். பள்ளிகள் மூடுவதற்கு முன்னால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைச் சோதனைக்காகப் பதிவு செய்திருந்தார்கள். ஸ்டெபியினுடையதும் இருந்தது. 'அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டுங்கள்' என்று கீழே எழுதியிருந்தார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஜெபசுதா மறுநாள் வகுப்பில் எல்லோரையும் கைகட்டி உட்காரச் சொன்னாள். ஸ்டெபியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செல்போனைத் தட்டினாள்.

தெளிவான குரல். கொஞ்சம் அவசரம்.

*நண்டு மணலில் வீடு கட்டியது. அலை வந்தது. வீடு போனது.* ஒரு இருமல். *நண்டு மறு... மறுபடியும் வீடு கட்டியது.*

பழைய டீச்சரின் குரல் தூரத்தில் கேட்டது. *சரி, போதும். போ.*

*இன்னும் ஒரு பக்கம் இருக்கு டீச்சர்.*

அத்தோடு நின்றது.

“யாரு குரல் தெரியுதா?” என்று கேட்டாள் ஜெபசுதா.

ஸ்டெபி செல்போனை வாங்கினாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வாயை அதன் அருகில் கொண்டுபோனாள்.

“ஏளா” என்றாள் மெதுவாக. “எங்கன இருக்க?”

வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

விஜிலாதான் எழுந்தாள். “அது செத்துப்போன ஸ்டெபி டீச்சர். இவ தங்கச்சி ஸ்டெபி.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி போய் முடிந்தது. ஜெபசுதா செல்போனைத் திரும்ப வாங்கினாள்.

“ஏன்ளா யாரும் சொல்லல?”

“நீங்க கேக்கலியே டீச்சர்” என்றாள் விஜிலா.

தலைமையாசிரியர் ஜெயசிங் சாத்தான்குளத்துக்காரர். ஓய்வுபெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஜெபசுதா சொன்னதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஊரடங்குல நான்தான் டீச்சர் வீடு வீடா போன் போட்டேன். பிள்ளை இருக்கா, படிக்கான்னு கேக்கச் சொல்லி உத்தரவு. ஸ்டெபி எப்படிம்மா இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்கா சார்ன்னு அவ அம்மா சொன்னா. செத்துட்டாளான்னா கேக்க முடியும்?”

“ஸ்கூல் தொறந்த பெறகு?”

“தொறந்த அன்னைக்கு ஒரு பிள்ளை வந்து நின்னா. பேரு ஸ்டெபி. அப்பா செபாஸ்டின். மூஞ்சியில பாதிக்கு மாஸ்க். மீதி பாதி ரிஜிஸ்டர் படத்துல இருக்கிற மாதிரியே இருந்திச்சு. உள்ள போம்மான்னேன்.”

“இவ வயசுக்கு ஒண்ணாப்புலதான் சார் இருக்கணும். ஒரு எழுத்துகூட யாரும் சொல்லிக் குடுக்கல. அக்காவோட கோட்ட வச்சு இவள முகாமுக்கு அனுப்பப் பாக்காங்க.”

“தெரியுது.”

“அப்ப மாத்திருவோம் சார்.”

ஜெயசிங் கண்ணாடியை மறுபடி மாட்டினார். “செத்த பிள்ளைக்கு ஆஜர் போட்டிருக்கேன் டீச்சர். சோறு போட்டிருக்கேன். யூனிபார்ம் குடுத்திருக்கேன். மூணாப்பு பாஸ் போட்டிருக்கேன். இத வெளிய சொன்னா மெமோவோட விடுவானா? என் படத்துக்கும் சேத்து மாலை வாங்கிட்டு வாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“அவ அம்மா சம்மதிச்சா பாப்போம்” என்றார் கடைசியில். “சாவைச் சொல்ல வேண்டியது அவதானே.”

ஸ்டெபியின் அப்பா செபாஸ்டின் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். வீடு கோயிலுக்குப் பின்னால். முற்றத்தில் சங்குகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்த சதை அழுகி நாற்றம் எடுத்தது. அவருடைய மனைவி பிளாரன்ஸ் ஒரு சங்கைக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தாள். எழுந்து கையைக் கழுவினாள். ஜெபசுதாவுக்கு நாற்காலி போட்டாள்.

“காய்ச்சல்ல போனா டீச்சர். அப்ப ரோட்டுல ஒரு வண்டி கிடையாது.” சங்கு குடைந்த கம்பியை ஓரமாக வைத்தாள்.

“இவளுக்கும் அதே பேரா?”

“கோயில்ல நேர்ந்து வச்ச பேரு. வீட்டுல ஆள் இல்லாம அந்தப் பேரு கெடக்கக் கூடாது. எங்க மாமியார் வீட்டுல அப்படித்தான். அடுத்த பொண்ணுக்குப் போட்டுருவோம்.”

“முன்னால இவ பேரு என்ன?”

“ஜெனிஸ்.” அடுத்த தெருப் பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள்.

குசினியில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சின்னவள் அங்கேதான் இருந்தாள். கதவிடுக்கில் ஒரு சடை தெரிந்தது.

ஜெபசுதா எடுத்துச் சொன்னாள். இறப்புச் சான்று வேண்டும். மூத்தவளின் எண்ணை மூட வேண்டும். சின்னவளை அவள் பெயரில், ஒன்றாம் வகுப்பில், புதிதாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முகாம். புத்தி இல்லாத பிள்ளை என்று எழுதிவிடுவார்கள்.

பிளாரன்ஸ் எல்லாவற்றையும் கேட்டாள். “இப்ப அதுல அவளுக்கு என்ன போட்டிருக்கு டீச்சர்?”

“நாலாம் வகுப்புன்னு இருக்கு.”

“அப்ப நாலாப்பு படிக்கா.”

ஜெபசுதா முற்றத்துச் சங்குகளைப் பார்த்தாள்.

“மூணாப்பு பாஸாயிட்டா” என்றாள் பிளாரன்ஸ். “கல்லறையில மூடியாச்சு. ரேஷன் கார்டுல மூடியாச்சு. அங்கன ஒண்ணுலதான் இருக்கா. அதையும் மூடச் சொல்லுதியளா?”

பிறகு அவளே கேட்டாள். “குரலு இருக்காமே. விஜிலா சொன்னா.”

ஜெபசுதா போட்டுக் காட்டினாள். பிளாரன்ஸ் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். முடிந்ததும், “இன்னொருக்க” என்றாள். மறுபடி கேட்டாள். இருமல் வந்த இடத்தில் கையை நீட்டினாள். தடவிக் கொடுக்கப் போவதுபோல் நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டாள்.

“எனக்கு அனுப்புவியளா டீச்சர்?”

அனுப்பினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்டது. காலையில் ஸ்கூட்டரில் அந்தத் தெருவில் திரும்பும்போது, நண்டு மணலில் வீடு கட்டும். சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கிக்கு நடுவே, வீடு போகும். பக்கத்து வீட்டுக்காரி வாசல் பெருக்கியபடி தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. ஊருக்கு அது பழகிவிட்டது.

ஜெபசுதா மத்தியானங்களில் சின்னவளுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கா என்று கேட்பதை விட்டுவிட்டாள். மணலைக் கொட்டி விரலால் எழுதவைத்தாள். ட வந்தது. ப வந்தது. ப கோணலாக வந்தது. அந்தக் கோணல் ப அவளுடையது. அதைப் பார்த்த அன்று, பல நாளுக்குப் பிறகு, ஜெபசுதாவுக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத் தோன்றியது.

ஒருநாள் மணலில் ம எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தி ஒரு தடவை இருமினாள்.

“சளியாளா?”

“இல்ல டீச்சர்.”

எழுதினாள். மறுபடி இருமினாள். ஒலிப்பதிவில் இருந்த அதே நீளம். அதே வறண்ட சத்தம்.

முட்டையின் மஞ்சள் கரு இப்போது தட்டில் மிஞ்சியது.

மறுசோதனைக்கு முந்தின நாள் ஜெயசிங் அவளை வராந்தாவில் நிறுத்தினார். முகம் தெளிந்திருந்தது.

“டிக்சனுக்குப் போன் போட்டேன். பின்தங்கின பிள்ளைகளுக்கு அதே பழைய பத்தியத்தான் குடுப்பாங்களாம். அப்பதான் கோட்டுக்குக் கோடு ஒப்பிட முடியுமாம். நண்டுதான் வருது டீச்சர். அவளுக்கு நண்டு மனப்பாடம். ஒப்பிச்சிட்டுப் போட்டும். முகாமும் இல்ல, மெமோவும் இல்ல.”

“அது வாசிக்கிறது இல்லியே சார்.”

“அவ அம்மைக்கும் அதான் வேணும். உங்களுக்கு மட்டும் ஏன் வேற வேணும்?”

ஜெபசுதா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். முகாம் ஹாலின் வரிசை கண்ணுக்குள் வந்தது. ஒப்பித்துவிட்டால் அந்த வரிசையில் பிள்ளை நிற்க வேண்டாம். அது மட்டும் போதாதா என்று ஸ்கூட்டரில் போகும்போது நினைத்துக்கொண்டாள். உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

டிக்சன் காலையிலேயே வந்துவிட்டார். ஸ்டெபி தேறிவிட்டால் வீடியோ எடுத்து மற்றப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் திட்டம். அம்மாவும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். பிளாரன்ஸ் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஜெயசிங் ஜன்னலோரம். பிள்ளைகள் பாயில்.

“பேரு சொல்லும்மா.”

“ஸ்டெபி.”

டிக்சன் பத்தியைத் திரையில் பெரிதாக்கி அவள் கையில் கொடுத்தார். “அவசரமே இல்ல. மெதுவா வாசி.”

சின்னவள் திரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

“நண்டு மணலில் வீடு கட்டியது.”

அது அவள் குரலே அல்ல. தெளிவாக, கொஞ்சம் அவசரமாக வந்தது. பாயில் இருந்த விஜிலா சட்டென்று காலை மடக்கிக்கொண்டாள்.

“அலை வந்தது. வீடு போனது.”

இருமல் வந்தது.

டிக்சனின் முகம் மலர்ந்தது. இன்னொரு செல்போனை எடுத்து வீடியோவுக்குப் பிடித்தார். ஜெயசிங் மூச்சை விட்டார். இன்னும் ஒரு வரி. அது முடிந்தால் சிவப்பு பச்சையாகிவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

ஜெபசுதா முன்னால் போனாள். உள்ளங்கையை விரித்துத் திரையை மூடினாள்.

“நண்டு மறு...” என்றது குரல். “மறுபடியும் வீடு கட்டியது.”

நிற்கவில்லை. சின்னவளின் பார்வை திரையை மூடிய கையின்மேலேயே இருந்தது. எழுத்து போனது அவளுக்குத் தெரியவே இல்லை.

“சரி, போதும். போ” என்றாள் சின்னவள். பழைய டீச்சரின் குரலில் சொன்னாள். பிறகு மறுபடி மாறினாள். “இன்னும் ஒரு பக்கம் இருக்கு டீச்சர்.”

டிக்சனின் கை தானாகவே இறங்கியது.

வாசலில் நின்ற பிளாரன்ஸ் அப்போதுதான் அசைந்தாள். அத்தனை நாளும் சுவரைப் பார்த்துக் கேட்ட குரல். இப்போது அது ஒரு முகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வந்து தரையில் உட்கார்ந்து பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“ஏளா. உன் சத்தத்துல பேசு.”

பிள்ளை முழித்தது.

“உன் சத்தத்துல ஒரு வார்த்தை சொல்லுளா. அம்மான்னு சொல்லு.”

பிள்ளை வாயைத் திறந்து மூடியது. எந்தக் குரலில் என்று தேடுவதுபோல் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

பிளாரன்ஸ் டிக்சன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. “அவ செத்துட்டா சார். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவள ஒண்ணாப்புல போடுங்க.”

டிக்சன் எல்லாவற்றையும் ஜெயசிங்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முகாம் பேச்சு அத்தோடு போயிற்று. மடிக்கணினியைப் பையில் வைக்கும்போது, “என் கோட்டுல தப்பே இல்ல டீச்சர்” என்றார். கொஞ்சம் நின்றார். “அதான் பயமா இருக்கு.” ஜெயசிங்குக்கு மெமோ வந்தது. அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கச் சொன்னார்.

இறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு பிளாரன்ஸ் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். ஜெபசுதா செல்போனில் மூத்தவளின் எண்ணைத் தட்டித் திறந்தாள். நீக்குவதற்கான காரணம் கேட்டது. வேறு பள்ளி. வெளியூர். இறப்பு.

“நான் அமுக்கட்டுமா டீச்சர்?”

செல்போனைக் கொடுத்தாள். பிளாரன்ஸ் விரலை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சங்கு குடைந்து குடைந்து விரல்நுனி காய்த்துப்போயிருந்தது. திரைக்கு அந்த விரல் தெரியவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அழுத்தினாள். மறுபடி. ஜெபசுதா உதவிக்குக் கையை நீட்டவில்லை.

கடைசியில் திரை எடுத்துக்கொண்டது. நான்காம் வகுப்பில் ஒரு பெயர் குறைந்தது.

திங்கட்கிழமை சின்னவள் ஒற்றைச் சடையோடு வந்தாள். ஒன்றாம் வகுப்புப் பாயில், தன் உயரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். விஜிலா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. ஜெபசுதா பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று வந்துகொண்டே இருந்தது.

“ஜெனிஸ்.”

பதில் இல்லை.

“ஜெனிஸ்.”

சின்னவள் தலையைத் திருப்பினாள். யார் வரப்போகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.